பொருந்திய கேபிள்

நானாவும் நானும் வீட்டிலேயே பொருத்திய கணினிக்குப் பவர் சப்ளையை நான்தான் தெரிவு செய்தேன். 650 வாட், மொடியூலர் வகை. தேவையான கேபிள்களை மட்டும் செருகலாம். பெட்டிக்குள் காற்றோட்டம் தடைப்படாது. கேபிள்களின் நீளத்தை மட்டும் நான் பார்க்கவில்லை.

பழைய வன்தட்டுக்குக் கேபிள் எட்டவில்லை. "பழைய பவர் சப்ளைட கேபிளப் போடுவோம் நானா" என்றேன். அச்சொட்டாகப் பொருந்தியது. சுவிட்சைப் போட்டதும் கருகல் மணம்.

மௌத்தான உம்மம்மாவின் குரல் அந்த வன்தட்டில்தான் இருந்தது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை.

பவர் சப்ளைப் பக்கத்தில் கம்பிகளின் வரிசை கம்பனிக்குக் கம்பனி வேறுபடும் என்று பிறகுதான் அறிந்தேன். 5 வோல்ற்று போகவேண்டிய கம்பியில் 12 வோல்ற்று போயிருக்கிறது.

தோழியரே, வாட்டையும் விலையையும் பார்ப்பதோடு, உடன்வரும் கேபிள் எட்டுமா என்றும் பாருங்கள். பொருந்துவதெல்லாம் பொருத்தமானதல்ல.