நாலரை மணி "கர்ர்ர்ரக்!"

திருவானைக்காவலில் அந்தச் சந்துக்கு அலாரம் தேவைப்பட்டதில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை நாலரை மணிக்கு டிரைவர் அண்ணன் சாவியைத் திருப்புவார். இரும்பை இரும்பால் அரைக்கிற மாதிரி "கர்ர்ர்ரக்!" என்று ஒரு சத்தம். நாய் குரைக்கும். குழந்தை அழும். மாடி வீட்டுக்காரர் ஜன்னலைப் படாரென்று சாத்துவார். என்றைக்காவது சத்தமில்லாமல் கிளம்பினால் அது சந்துக்குக் கிடைத்த போனஸ்.

பழைய நாலு சிலிண்டர் டீசல் கார். சொந்த வண்டி, வாடகைக்கு ஓடுவது. அந்த மூன்று நாளும் சவாரி ஒன்றுதான். சந்துக் கோடியில் இருக்கும் ஒரு அம்மாளை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய், நாலு மணி நேரம் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். அதனால் அண்ணனுக்குச் சத்தத்தை விடப் பயம்தான் அதிகம். இன்றைக்கு அரைத்தது, நாளைக்குக் கிளம்பாமலே போனால்?

முதலில் பார்த்த மெக்கானிக் "பேட்டரி வீக்" என்றார். புது பேட்டரி வந்தது. சத்தம் போகவில்லை. எப்படிப் போகும்? பேட்டரி பலவீனமானால் வருவது "டக்டக்டக்டக்" சத்தம். சாலினாய்டு இழுக்கும், உடனே வோல்டேஜ் விழும், விட்டுவிடும், மறுபடி இழுக்கும். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் பண்ணும்போது சுமார் 9.6-க்குக் கீழே இறங்கக்கூடாது. மீட்டர் வைத்துப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். பார்த்திருந்தால் ஒரு பேட்டரிக் காசு மிச்சம்!

இரண்டாவது இடத்தில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி பென்டிக்ஸ் மாற்றினார்கள். இதைத் தப்பு என்று சொல்ல முடியாது. செல்ஃப் மோட்டாரின் முனையில் ஏறக்குறைய பத்துப் பல் உள்ள சின்ன கியர் இருக்கிறது. சாவி திருப்பியதும் அது முன்னால் பாய்ந்து, ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரைக் கடித்து, இன்ஜினைச் சுற்றிவிட்டுப் பின்வாங்கும். சரியாகக் கடிக்காவிட்டால் இந்த "கர்ர்". (இன்ஜின் அசையாமல் மோட்டார் மட்டும் "ஊய்ங்" என்று சுற்றினால் பென்டிக்ஸ் வழுக்குகிறது. ஸ்டார்ட் ஆனபின் "கீச்" என்றால் பெரும்பாலும் ஃபேன் பெல்ட்.) இரண்டு நாள் அமைதி. சனிக்கிழமை மறுபடி "கர்ர்ர்ரக்!"

கடைசியில் உறையூர் பக்கம் ஒரு வயதான மெக்கானிக். ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஒரே கேள்விதான் கேட்டார்.

"தெனமும் வருதா, விட்டு விட்டு வருதா?"

"விட்டு விட்டுத்தாண்ணே. பாதிக்குப் பாதி வருது."

சத்தம் வரும்வரை திரும்பத் திரும்ப ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். மூன்றாவது தடவை வந்தது. உடனே சாவியை விடச் சொல்லி, டாப் கியரில் போட்டு, வண்டியை நாலு விரல்கடை தள்ளினார். நியூட்ரல் பண்ணி, "இப்ப அடி" என்றார். பூ மாதிரி ஸ்டார்ட் ஆனது!

"செல்ஃப் மேல தப்பு இல்லப்பா. ரிங் கியர்ல பல்லு போயிருச்சு."

விஷயம் இதுதான். நாலு சிலிண்டர் இன்ஜின் நிற்கும்போது கண்ட இடத்தில் நிற்பதில்லை. கம்ப்ரெஷன் எதிர்த்துத் தள்ளுவதால் பிஸ்டன்கள் பாதி வழியில் வந்து நிற்கும். ஃப்ளைவீலில் பார்த்தால் எதிரெதிராக இரண்டே இடங்கள். அதனால் வருஷக்கணக்காக செல்ஃபின் முதல் கடி அந்த இரண்டு இடத்துப் பற்களில்தான் விழுகிறது. அங்கே மட்டும் தேய்கிறது, மற்ற பற்கள் புதுசு போலவே இருக்கின்றன. தள்ளியதில் ஃப்ளைவீல் கொஞ்சம் நகர்ந்து நல்ல பல் முன்னால் வந்துவிட்டது.

செல்ஃபைக் கழற்றி, ஓட்டை வழியாக டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு இடத்தில் பற்கள் எலி கடித்த தேங்காய் மாதிரி. வண்டியைத் தள்ளித் தள்ளிப் பார்த்ததில் எதிர்ப்பக்கமும் அப்படியே.

கியர் பாக்ஸை இறக்கி, கிளட்ச்சைக் கழற்றி, ஃப்ளைவீலை வெளியே எடுத்தாக வேண்டும். ஞாயிறு காலை ஆரம்பித்தால் திங்கள் ராத்திரிக்குள் ஏற்றணும், செவ்வாய் டயாலிசிஸ். அந்த மாடலுக்குப் புது ரிங் இரண்டு நாளில் கிடைக்கிற வழியில்லை. பெரியவர் கவலைப்படவில்லை. ரிங் கியர் போல்ட் போட்டு மாட்டியதல்ல, சூட்டில் விரித்து இறக்கி, ஆறியதும் இறுகிப் பிடிப்பது. லேத் பட்டறையில் சூடுபண்ணித் தட்டிக் கழற்றினார்கள். தலைகீழாகத் திருப்பிப் போட முடியவில்லை. பற்களில் ஒரு பக்கம்தான் செல்ஃப் நுழையச் சரிவாகச் சீவியிருந்தது. அதனால் கால் சுற்று தள்ளி அதே ரிங்கையே மாட்டினார்கள். தேய்ந்த பற்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன, ஆனால் முதல் கடி இனி அவற்றில் விழாது.

திங்கள் ராத்திரி பதினொன்றரைக்கு வண்டி வீடு வந்தது. அண்ணன் அன்றைக்குச் சரியாகத் தூங்கவில்லை.

செவ்வாய் நாலரை. சாவி. ஒரு முனகல்கூட இல்லாமல் இன்ஜின் பிடித்துக்கொண்டது. சந்துக் கோடியில் போய் நிறுத்தினார். ஐந்து நிமிஷம் ஆகியும் அம்மாள் வெளியே வரவில்லை. கதவைத் தட்டியதும் பையும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டியாப்பா? சத்தமே கேக்கலையே, வண்டி இன்னைக்கும் ரிப்பேரோன்னு உக்காந்திருந்தேன்."

வியாழக்கிழமையிலிருந்து அண்ணன் கிளம்புமுன் மொபைலில் ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறார்.