பெரியப்பாவின் பிஸ்கட் டின்

கோலாலம்பூரிலிருந்து அதிகாலையில் கிளம்பினால், வெயில் ஏறுமுன் பாகான் நக்கோடா ஓமார் போய்விடலாம். கோல சிலாங்கூரின் செம்பனைக் காடுகளைத் தாண்டினால் தஞ்சோங் காராங். அங்கிருந்து செகிஞ்சான், சுங்கை பெசார் வரை வயல்வெளி. பிறகு மீன் வாடை வந்துவிடும். ‘பாகான்’ என்றால் மீன்பிடித் துறை. ‘நக்கோடா’ என்றால் கப்பல் தலைவர். நம் தமிழகக் கடற்கரையில் வழங்கிய ‘நகுதா’வும் இதே சொல்தான்.

நான் போனது ஊரைப் பார்க்க அல்ல, பெரியப்பாவைக் கிள்ளானுக்கு அழைத்து வர. அவர் கோல சிலாங்கூர் பக்கத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். தோட்டம் கைமாறியபின் மீன் கொட்டகையில் கணக்குப் பார்க்க வந்து, இங்கேயே தங்கிவிட்டார். வயது 78. “இந்தத் தடவை கையோடு கூட்டிக்கிட்டு வந்துடு” என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஸ்ட்ராத்மாஷி தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று ஒன்று உண்டு. வானொலியில் ஒருமுறை அந்தப் பெயரைப் படிக்கும்போது எனக்கு நாக்குச் சுழன்றது. ஸ்ட்ராத்மாஷி, ஸ்காட்லாந்து மலைநாட்டில் உள்ள ஓர் இடம். ஊரை விட்டு வந்த துரைமார், ஊர்ப் பெயரைக் கூடவே கொண்டுவந்து இங்கே நட்டுவிட்டார்கள்.

பெயரை மட்டுமல்ல, ஒருவருக்கொருவர் உதவும் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். 1887-லேயே சிலாங்கூரில் அவர்களுக்கு செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் இருந்தது. அந்தப் பழக்கத்தின் வேர் இன்னும் பழையது. லண்டனுக்குப் பிழைக்கப் போன ஸ்காட்லாந்துக்காரர் நோயில் விழுந்தால், அங்குள்ள ஏழைகளுக்குக் கிடைத்த உதவி அவருக்குக் கிடைக்காது. ‘நீ இந்த ஊர்க்காரன் இல்லை’ என்றுவிடுவார்கள். அதனால் 1611-இல் தங்களுக்குள் காசு போட்டு ஓர் உண்டியல் வைத்தார்கள். 1665-இல் அதற்கு மன்னர் இரண்டாம் சார்லஸின் சாசனம் கிடைத்தது. அந்த ஆண்டு லண்டனைக் கொள்ளைநோய் தாக்கியபோது, இறந்த தம் மக்களை அந்தப் பணத்தில் அடக்கம் செய்தார்கள். ‘ஸ்காட்ஸ்கேர்’ என்ற பெயரில் அது இன்றும் லண்டனில் இயங்குகிறது.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். எழுந்து உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். உள்ளே ஒரு நோட்டும் கொஞ்சம் வெள்ளிக் காசும்.

“இது நம்ம லயத்து மரணப் பணம் பாப்பா. சம்பளத்தன்னிக்கு வீட்டுக்கு ரெண்டு வெள்ளி. சாவு விழுந்தா பெட்டிக்கு, பூவுக்கு, வந்தவங்களுக்குக் காப்பித் தண்ணிக்கு. துரைகிட்ட போய் நிக்க வேண்டாம் பாரு.”

1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளர் காசிலேயே வாங்க முடிந்தது. சிறுகச் சிறுகச் சேர்க்கும் பழக்கம் லயத்தில் முன்பே இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தோட்டம் போனபின் ஆட்கள் அடுக்குமாடிகளுக்குச் சிதறிவிட்டார்கள். ஆனாலும் 11 குடும்பங்கள் இன்னும் பணம் அனுப்புகின்றன. நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். ‘வங்காளதேசத்துப் பையன். கை முறிவு. 150 வெள்ளி.’

“இவர் நம்ம லயமா பெரியப்பா?”

“கொட்டகையில ஐஸ் தூக்குற பையன். அவனுக்கு இங்க யாரு இருக்கா? எல்லாருக்கும் போன் போட்டுக் கேட்டேன். கொடுங்கன்னுட்டாங்க.”

எங்கள் தாத்தா கப்பலில் வந்து இறங்கியபோதும் யாரோ இப்படிக் கேட்டிருப்பார்கள். இன்று செம்பனைக் காட்டிலும் படகுத் துறையிலும் ஊரை விட்டு வந்து நிற்பவர்கள் வேறு. நாம் ஊர்க்காரர்களாகிவிட்டோம். ‘நீ இந்த ஊரா?’ என்று கேட்கும் இடத்தில் இப்போது நாம்தான் இருக்கிறோம்.

“கிள்ளானுக்கு வந்துடுங்க பெரியப்பா” என்றேன்.

“வர்றேன். நோட்டை யாரு பார்த்துக்குவா?”

என்னிடம் பதில் இல்லை. 50 வெள்ளியை நீட்டினேன். இரண்டை எடுத்துக்கொண்டு 48-ஐத் திருப்பிக் கொடுத்தார். பன்னிரண்டாவதாக என் பெயரை எழுதினார்.

“மாசா மாசம் வரணும் பாப்பா.”

அவர் வரவில்லை. அடுத்த மாதச் சம்பளத்தன்று நான் மறுபடியும் போகிறேன்.