எப்படி நின்றது?

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், செஞ்சிக் கோட்டையின் பாறைக் குன்றுகள் கண்ணுக்குத் தென்படத் தொடங்கிய சிறிது நேரத்தில், அதுவரை சீராக ஓடிக்கொண்டிருந்த என்னுடைய மோட்டார் சைக்கிள் இரண்டொரு முறை திணறிப் பின்பு அடியோடு ஓய்ந்துவிட்டது. பின்னால் கரும்பு லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த வேகத்தைக் கொண்டே வண்டியைச் சாலையோரத்துப் புளியமரத்தடிக்குத் திருப்பி நிறுத்திய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஓடாத வண்டியால் வருவது தொல்லை. ஓடுகையில் நின்றுவிடும் வண்டியால் பிராணாபாயமே நேரலாம்.

இரண்டு மாதங்களாகவே இந்த வியாதி இருந்துவந்தது. பட்டணத்தில் ஒரு பட்டறையில் பிளக்கை மாற்றினார்கள். மற்றொன்றில் இக்னிஷன் காயிலை மாற்றினார்கள். இரண்டு இடத்திலும் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்துக் குறையில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். அதுவும் உண்மையே, நகரத்துத் தெருக்களில் அது ஒருநாளும் நின்றதில்லை. நெடுஞ்சாலையில் நிற்கும்போதெல்லாம், பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பேன்; இருக்கும். மூடிவிட்டுச் சற்றே இளைப்பாறிக் கிக்கரை உதைத்தால், ஒன்றும் நடவாததுபோல் ஓடத் தொடங்கும். எஞ்சின் சூடேறி நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்பதே நான் செய்திருந்த அனுமானம்.

அன்றும் அவ்வாறே கிளப்பிக்கொண்டு, செஞ்சி ஊர் எல்லையில் தகரக் கூரை வேய்ந்த ஒரு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அதன் உரிமையாளரை அங்கிருந்தோர் அனைவரும் 'பாய்' என்றே அழைத்தார்கள். அறுபதைத் தாண்டிய வயது, கறுத்து உரம் ஏறிய விரல்கள், நிதானமான பேச்சு. அப்போது அவரிடம் தொழில் பழகும் இளைஞன் ஒருவன், பழைய புல்லட் ஒன்றின் பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் தகட்டை விட்டு அளந்துகொண்டிருந்தான். 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்ததன் பயனாகத் திருவொற்றியூரில் பிறந்த வம்சம் அது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் உடைய 346 சி.சி. எஞ்சின். அவ்வளவு பெரிய யந்திரத்தின் உயிர், 0.4 மில்லிமீட்டருக்கும் மிகாத ஓர் இடைவெளியில் தொங்கிக்கொண்டிருப்பதை அன்றுதான் பிரத்தியட்சமாகக் கண்டேன். அளந்து முடித்த கையோடு இளைஞன் கார்பரேட்டரிலும் கை வைக்கப் போனான். பாய் தடுத்தார்: "ஒண்ணத் தொட்டியா, ஓட்டிப் பாரு. ரெண்டையும் ஒண்ணாத் தொட்டா, எதனால சரியாச்சின்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

பிறகு என் பக்கம் திரும்பினார். ஸ்பானர் எதையும் எடுக்கவில்லை. மரப்பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எப்படி சார் நின்னுச்சி?"

"திடீரென்று நின்றுவிட்டது, பாய்."

"திடீர்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. லைட்ட அணைச்ச மாதிரி பட்டுனு நின்னுச்சா, இழுத்து இழுத்து நின்னுச்சா?"

இந்த ஒரு கேள்வியில் எத்தனை காலத்து அனுபவம் அடங்கியிருந்தது என்பதை அவர் பின்னர் விளக்கியபோதே உணர்ந்தேன். சாவியைத் திருப்பி அணைத்தாற்போல் நிற்குமானால், சந்தேகம் மின்சாரத்தின்மேல் செல்லவேண்டும்: தளர்ந்த ஒயர், தேய்ந்த சாவி சுவிட்ச், சரியாகப் பிடிக்காத எர்த். விக்கித் திணறி நிற்குமானால், எஞ்சின் பெட்ரோலுக்கு ஏங்குகிறது என்று பொருள். மழையில் மட்டும் நின்றால் பிளக்கின் தொப்பியில் நீர் இறங்கியிருக்கலாம். நன்றாகச் சூடேறிய பின் நின்று, முழுவதும் ஆறினாலன்றிக் கிளம்பாது என்றால் காயிலையோ, வால்வுகளின் இடைவெளியையோ பரீட்சிக்க வேண்டும். நின்ற விதமே நோயின் பாதிப் பெயரைச் சொல்லிவிடும்.

விசாரணை தொடர்ந்தது. மெதுவாகப் போகும்போது நிற்குமா, வேகத்திலா? நின்றால் எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பும்? டேங்க் நிறைந்திருக்கும்போது சீக்கிரம் நிற்குமா, பாதி குறைந்த பிறகா? கடைசிக் கேள்வியை அதுவரை நான் சிந்தித்ததேயில்லை; நினைவைக் கிளறிப் பார்த்தபோது, பெட்ரோல் நிரப்பிக்கொண்டு புறப்பட்ட நாட்களில்தான் விரைவில் நின்றது என்பது புலப்பட்டது. பாய் தலையை ஆட்டிக்கொண்டார்.

அவர் அனுமானத்தோடு நின்றுவிடவில்லை. பிளக்கைக் கழற்றி, எஞ்சினின் உலோகத்தில் சாய்த்து வைத்துக் கிக்கரை உதைக்கச் சொன்னார். நீலப் பொறி தெறித்தது. "கரண்ட் நல்லா வருது." கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்துப் பெட்ரோலைக் கண்ணாடிச் சீசாவில் பிடித்து, தண்ணீர் அடியில் தங்குகிறதா என்று வெளிச்சத்தில் ஏந்திப் பார்த்தார், தெளிவாகவே இருந்தது. ஜெட்டில் தூசு அடைத்திருந்தால் எப்போதும் தொல்லை கொடுக்குமே, நெடுஞ்சாலையில் மட்டும் ஏன் கொடுக்கவேண்டும் என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டு அதைக் கழற்றாமலே விட்டார். கழற்ற நேரும்போது காற்றால்தான் ஊதவேண்டும்; ஊசியால் குத்தினால் பித்தளைத் துவாரம் பெரிதாகி, எண் பொறித்த அளவுக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும் என்று இளைஞனுக்கு அந்தச் சந்தர்ப்பத்திலேயே பாடமும் நடந்தது.

பின்பு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைச் சாலையில் வேகமாக ஓட்டினார். வெகுதூரம் போகுமுன்பே வண்டி அதே விதமாகத் திணறி நின்றது. நான் பழக்கத்தால் டேங்க் மூடியைத் திறக்கக் கை நீட்டினேன். "தொடாதீங்க சார்" என்று அவர் சொன்ன குரலில், நோயாளியின் நாடியைப் பிடித்திருக்கும் வைத்தியரின் கண்டிப்பு இருந்தது. கீழே குனிந்து அடிக்கிண்ணத்தின் திருகைத் தளர்த்தினார். இரண்டு சொட்டு விழுந்ததோடு சரி. டேங்க்கிலோ பெட்ரோல் தளும்புகிறது. அப்பொழுதுதான், "இப்பத் திறங்க" என்றார். மூடியைத் திறந்ததும், உள்ளே காற்று 'உஸ்' என்று பாய்ந்த சப்தம் எனக்கும் கேட்டது. அடுத்த கணம் கீழே பெட்ரோல் நூலாக ஒழுகத் தொடங்கிற்று.

"எண்ணெய் டின்ல ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டு ஊத்திப் பாருங்க, ஒழுங்கா வராது. கடைக்காரர் எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடுவாருல்ல? அந்த ரெண்டாவது ஓட்டை இந்த மூடியில இருக்குது."

டேங்க்கிலிருந்து பெட்ரோல் தன் பாரத்தால் கீழே இறங்குவது. இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே புகவேண்டும். புகாவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து பெட்ரோலைப் பிடித்து நிறுத்திவிடும். நிறைந்த டேங்க்கில் காற்றுக்கு இடம் சிறிதாதலால், அந்த நிலை விரைவில் வந்துவிடுகிறது. வெயிலும் தூசும் படாமலிருக்க வேண்டுமென்று ஆசையோடு நான் வாங்கி மாட்டிய ரெக்சின் உறையின் மடிப்பு, மூடியின் மேல் இறுகப் படிந்து அந்த நுண்துளையை அமுக்கிக்கொண்டிருந்தது. கசிந்து வந்த சிறிதளவு காற்று நகரத்து மந்த ஓட்டத்துக்குப் போதுமாயிருந்தது. நெடுஞ்சாலை வேகத்துக்குப் போதவில்லை. நிற்கும்தோறும் மூடியைத் திறந்து பார்த்த என் கையே நோயைத் தீர்த்தும், தீர்த்ததனாலேயே அதன் காரணத்தை மறைத்தும் வந்திருக்கிறது. மாற்றப்பட்ட பிளக்கும் காயிலும் குற்றமற்றவை.

பட்டறைக்குத் திரும்பியதும் இளைஞன் கத்தரிக்கோலால் அந்த மடிப்பை வட்டமாக வெட்டி எறிந்தான். சிகிச்சை அவ்வளவே. 2020 ஏப்ரல் முதல் அமலான புகை விதிகளுக்குப் பின் வந்த வண்டிகள் பெரும்பாலும் கார்பரேட்டரை விட்டு இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி ஒன்றும் அங்கே இருந்தது. இளைஞன் அதில் தேர்ந்தவன். ஆயினும் அதைச் சொருகுமுன் வண்டிக்காரரை உட்காரவைத்து விசாரிக்கவேண்டும் என்பது அந்தப் பட்டறையின் நியதி.

கூலி எவ்வளவு என்று கேட்டேன். "சாமான் எதுவும் மாத்தலியே சார், என்னன்னு வாங்குறது? ஓட்டுன பெட்ரோலும் உங்களுது" என்றார். அந்த வார்த்தை என்னை வெகுவாக வருத்திற்று. காயிலுக்கு நான் முணுமுணுக்காமல் பணம் கொடுத்தவன். புதிய உதிரிப் பாகத்தைக் கண்ணால் கண்டால் கொடுக்கிறோம். காரணத்தைக் கண்டுபிடித்த அறிவுக்கு விலை கேட்டால் பேரம் பேசுகிறோம். இதனாலன்றோ, யோசித்துக் காலம் கழிப்பதைவிட ஏதேனுமொன்றை மாற்றிக் கொடுப்பதே பிழைக்கும் வழி என்று பல தொழிலாளர்களுக்கு ஆகிவிடுகிறது? குற்றத்தில் பாதி நம்முடையது. காயிலுக்குக் கொடுத்த தொகையையே அவர் கையில் வைத்தேன், பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்.

மாலையில் அதே சாலையில் திரும்பினேன். புளியமரத்தடி வந்தது, போயிற்று. திண்டிவனம் வரையில் மூடியை நான் தொடவேயில்லை.