நான்கு ஆண்டுக் கணக்கு

சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் தமிழ் எங்கே தொடங்குகிறது, தெலுங்கு எங்கே முடிகிறது என்று எவராலும் கோடு கிழித்துக் காட்ட இயலாது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் ஆகிய ஊர்களின் சந்தைகளில் இரு மொழிகளும் ஒரே வாயில் புழங்குகின்றன. எனினும் கோடு இருக்கிறது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. 1960இல் திருத்தணியும் அதனைச் சூழ்ந்த சில பகுதிகளும் சென்னை மாநிலத்திற்குத் திரும்பின.

அக்கோடு இல்லாத காலத்தில் படித்தவர் டாக்டர் இராதாகிருஷ்ணன். திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த அவர், திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். யாவும் ஒரே மாகாணத்து ஊர்கள். இன்று அதே வழியில் படிக்கும் பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பை எந்த ஊரில் முடிப்பது என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

திருப்பதி இரயில் பெட்டிப் பணிமனையில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவரின் மகள், கேந்திரிய வித்யாலயாவில் பத்தாம் வகுப்பு முடித்தாள். வேலூரில் இருந்த பாட்டிக்கு ஒரே கவலை. "கண்ணு, அங்கே நாம் அயலார். கல்லூரியில் இடம் தரமாட்டார்கள். இரண்டு ஆண்டுகள் இங்கே வந்து படித்துவிடு" என்றார். தமிழர் என்பதால் பேத்தி ஒதுக்கப்படுவாள் என்பது அவருடைய அச்சம்.

ஆனால் ஆந்திரத்தின் சேர்க்கை விதி தாய்மொழியைக் கேட்பதில்லை, ஆண்டுகளை எண்ணுகிறது. அரசமைப்பின் 371-டி பிரிவின்படி 1974இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை, மாநிலத்தைப் பல்கலைக்கழக வட்டாரங்களாகப் பகுத்தது. சித்தூரும் திருப்பதியும் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழக வட்டாரத்தைச் சேர்ந்தவை. நூற்றுக்கு 85 இடங்கள் வட்டாரத்தாருக்கு உரியவை. தகுதித் தேர்வில் முடியும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அவ்வட்டாரத்தில் படித்தவர் உள்ளூர் மாணவர். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை திருப்பதியில் படித்த தமிழ்ப் பெண் உள்ளூர்க்காரி ஆகிறாள். தலைமுறை தலைமுறையாகத் திருப்பதியில் வாழ்ந்தும் மேல்நிலை வகுப்பைச் சென்னையில் படித்த தெலுங்குப் பையன் உள்ளூரான் ஆவதில்லை! எஞ்சிய 15 இடங்களுக்கு, அம்மாநிலத்தில் பணிபுரியும் மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளும் போட்டியிடலாம். 2014இல் மாநிலம் பிரிந்தபோது இம்முறை பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. ஆகவே அந்தந்த ஆண்டின் அறிவிக்கையைப் படிப்பது இன்றியமையாதது.

பாட்டி சொன்னபடி வேலூருக்குச் சென்றிருந்தால் அந்த நான்கு ஆண்டுத் தொடர் அறுந்திருக்கும். ஆயினும் பாட்டியின் சொல்லிலும் ஒரு பாதி உண்மை இருந்தது. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தாருக்கு உரியவை. மாணவர் எம்மாநிலத்தார் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இடமே தீர்மானிக்கிறது. வேலூரில் முடித்தால் திருச்சி அவளுக்குச் சொந்த மாநிலக் கழகம். திருப்பதியில் முடித்தால் தாடேபள்ளிகூடம். அவள் வீட்டுக்கு அருகிலேயே உள்ள திருப்பதி ஐ.ஐ.டி.யிலோ மாநிலக் கணக்கே கிடையாது.

தாயின் கவலை வேறு. வேலூர் வட்டாட்சியர் தந்த சாதிச் சான்றிதழை அவர் பல ஆண்டுகளாகப் பெட்டியில் காத்து வந்தார். ஆந்திர மாநிலக் கல்லூரிகளின் இடஒதுக்கீட்டுக்கு அது செல்லாது. இவ்வினா 1990இல் உச்ச நீதிமன்றத்திற்கே சென்றது. தெனாலியில் பிறந்து, ஆந்திரத்தில் பழங்குடியினராக அறியப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த மரி சந்திரசேகர ராவ், தந்தையின் பணி காரணமாக மும்பையில் வளர்ந்தார். அங்கு மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினருக்குரிய இடத்தைக் கோரினார். பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனியே வகுக்கப்பட்டது. ஒரு மாநிலத்துச் சலுகை மற்றொரு மாநிலத்திற்கு உடன் வராது என்று நீதிமன்றம் கூறியது. ஒரு சமூகம் ஓர் இடத்தில் பட்ட இன்னலை எல்லா இடத்திலும் அதே அளவில் பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த விளக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் பணிமாற்ற ஆணையைத் தந்தை கேட்டு வாங்குவதில்லை, பிள்ளையோ ஊரைத் தேர்ந்தெடுப்பதில்லை. மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும் என்பது மட்டுமே அத்தகைய குடும்பங்களுக்கு ஆறுதல்.

இரவு உணவுக்குப் பின் ஒரு தாளில் இரண்டு பத்திகள் வரைந்து, அப்பெண் இவற்றையெல்லாம் எழுதினாள். ஒரு பத்தியின் தலைப்பு 'இருந்தால்'; மற்றதன் தலைப்பு 'போனால்'. வெளிமாநிலத்தில் படித்தாலும் தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் பிறப்பிடச் சான்றிதழுடன் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் பங்கேற்கலாம் என்று தந்தை விசாரித்து வந்து சொன்னார். அதை முதற்பத்தியில் சேர்த்ததும் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் திருப்பதியிலேயே பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள்.

பாட்டியிடம் தொலைபேசியில் இதனை விளக்க அரைமணி நேரம் ஆயிற்று. எல்லாவற்றையும் கேட்ட பாட்டி, "அப்படியானால் அந்த ஊர் உன்னைத் தன் பிள்ளை என்கிறதா?" என்று வினவினார். "நான்கு ஆண்டுகள் முடிந்தால் என்னும், பாட்டி. இரண்டு முடிந்திருக்கின்றன" என்றாள் பேத்தி.