கொடுமுடியில் ஒரு கறுப்பு ருசி!

கொடுமுடி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பக்திமான் என்றால் மகுடேஸ்வரர் கோயிலும், வன்னி மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் மூன்று முகப் பிரம்மாவும். பாட்டுப் பிரியர் என்றால் கே.பி.சுந்தராம்பாள். அந்த 'கே'யே கொடுமுடிதான். 1908-ல் அவர் பிறந்தது இங்கே. பங்குனி உத்திரத்துக்குப் பழநிக்குத் தீர்த்தக் காவடி எடுக்கிறவர் என்றால், குடம் குடமாக மொண்டுகொண்டு போகும் காவிரி.

எனக்கு வாசனைதான் ஞாபகம் வரும் சார்!

ஈரோட்டிலிருந்து கரூர் போகும் பாசஞ்சரில் ஜன்னலோர சீட் பிடியுங்கள். மார்கழி, தை மாதமாக இருந்தால் இன்னும் விசேஷம். பாசூர், ஊஞ்சலூர் தாண்டும்போது காற்றில் ஒரு இனிப்பு மிதந்து வரும். கொஞ்சம் புகை, கொஞ்சம் பாகு, கொஞ்சம் அடிப்பிடித்த வாடை. எங்கேயோ ஆலைக்கொட்டாயில் வெல்லம் காய்ச்சுகிறார்கள் என்று அர்த்தம். பவானியில் கிளம்பும் காலிங்கராயன் வாய்க்கால், 13-ம் நூற்றாண்டில் வெட்டியது, ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து வந்து கொடுமுடிக்குப் பக்கத்தில்தான் நொய்யலில் சேர்கிறது. அது நனைக்கிற மண்ணில் மஞ்சள், வாழை, தென்னை, கரும்பு. அப்புறம் வாசனைக்குக் கேட்கவா வேண்டும்?

இதே வாசனை ஒருநாள் கொழும்பில், ஒரு கண்ணாடி கிளாஸுக்குள்ளிருந்து வந்தது. அதுதான் விஷயம்.

ஆபீஸ் வேலையாகப் போயிருந்தேன். சாயங்காலம் அந்த ஊர் நண்பர் ஒருவர் சாப்பிடக் கூட்டிப் போனார். மேஜையில் வந்து உட்கார்ந்தது ஒரு பாட்டில் லயன் ஸ்டவுட். ஊற்றினால்... கன்னங்கரேல்! நுரைகூட வெள்ளையாக இல்லை, டீக்கடை டீ கலரில் இருந்தது. லேபிளைப் பார்த்தேன். 8.8 பர்சன்ட். நம் நாட்டில் 'ஸ்ட்ராங்' என்று பெயர் போட்டு விற்கிற பீருக்கே விதிப்படி உச்சவரம்பு 8 தான். டப்ளின்காரர்களின் கின்னஸ் டிராட் வெறும் 4.2.

நம்ம பழக்கப்படி ஒரே மூச்சில் பாதி கிளாஸைக் காலி பண்ணலாம் என்று கையைத் தூக்கினேன். நண்பர் தடுத்தார்.

"ஆறுதலாக் குடியும் ஐசே!"

நம்மூரில் ஆறுதல் என்றால் துக்க வீட்டில் சொல்வது. அவர்களுக்கு ஆறுதல் என்றால் நிதானம். நிதானமாகவே குடித்தேன்.

முதல் வாயில் கசப்பு. இரண்டாவது வாயில் காப்பி. மூன்றாவதில், நிஜமாகவே, சாக்லெட். விழுங்கின பிறகு தொண்டையில் ஒரு இனிப்பு மெதுவாக ஏறி வந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த இனிப்பு. பாகு கொஞ்சம் பதம் தாண்டிவிட்டால் வருமே, அந்த அடிப்பிடித்த வெல்லத்தின் இனிப்பு. கொடுமுடி ஸ்டேஷனில் ரயில் நிற்கிற மாதிரியே இருந்தது போங்கள்!

நண்பர் அதோடு விடவில்லை. வட்டலப்பம் ஒரு துண்டு வரவழைத்தார். கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப் பால், முட்டை, ஏலக்காய் போட்டு ஆவியில் வேக வைத்த பண்டம். ஒரு ஸ்பூன் அது, ஒரு வாய் இது. எது பலகாரம், எது பானம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெளிநாடுகளில் இப்போது வெனிலா, கோகோ, தேங்காய் எல்லாம் சேர்த்து, பலகாரம் மாதிரியே ஸ்டவுட் காய்ச்சுகிறார்களாம். சில பேர் பால் சர்க்கரையும் போடுகிறார்கள். அதை ஈஸ்ட்டால் தின்ன முடியாது. அதனால் இனிப்பு அப்படியே தங்கிவிடும். ஆனால் லயன் ஸ்டவுட்டில் எனக்குத் தெரிந்த காப்பியும் சாக்லெட்டும் யாரும் கொட்டிக் கலந்ததில்லை. வறுத்த பார்லி தருகிற ருசி அது.

இந்தச் சரக்கின் பூர்வீகம் நுவரெலியா மலை. வெள்ளைக்காரர்கள் அங்கே 19-ம் நூற்றாண்டில் தொடங்கிய பீர் ஆலை, 1990-களின் பிற்பகுதியில் கொழும்புக்குப் பக்கம் பியகமவுக்கு இறங்கி வந்தது. உலகத்துக்கு இதைப் பெரிதாக எடுத்துச் சொன்னவர் மைக்கேல் ஜாக்சன். மூன்வாக் ஆடினவர் இல்லை சார்! அதே பெயரில் இங்கிலாந்தில் ஒரு பீர் எழுத்தாளர் இருந்தார். 2007-ல் காலமானார். உலகம் பூராவும் ருசி பார்த்து எழுதுவதுதான் அவருக்கு வேலை. அப்படி ஒரு வேலைக்கு நம்ம எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து வைக்க முடியுமா என்று நண்பரைக் கேட்டேன். சிரித்தார்.

ஊர் திரும்பினதும் நேரே கொடுமுடிக்குப் போனேன். என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அங்கே ஆலைக்கொட்டாய் வைத்திருக்கிறார். மாமாவுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனால் கொப்பரைப் பக்கம் நின்றால் அவர் ஒரு விஞ்ஞானி. தெர்மாமீட்டர் வைத்தால் 118 டிகிரி பக்கம் காட்டும் என்பார்கள். மாமாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். பாகில் ஒரு சொட்டு விடுவார், விரலால் உருட்டுவார், டம்ளரில் தட்டுவார். 'டங்' என்றால் இறக்கு!

கொழும்புக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அடுப்புக்குள் சக்கையைத் தள்ளினார்.

"அந்தக் கறுப்பு எப்பிடி வருது மாப்ளே?"

"பார்லியை முளைக்கட்டிக் காய வெச்சு, அதுல கொஞ்சத்தைக் காப்பிக்கொட்டையாட்டம் வறுத்துப் போடறாங்க மாமா. 200 டிகிரிக்கு மேல போகுமுங்க."

"தீஞ்சு போகாம எப்பிடி நிறுத்தறாங்க?"

இதுதான் சார் கேள்வி! இரும்பு உருளையில் போட்டுச் சுழற்றி வறுக்கிற முறைக்கு இங்கிலாந்தில் டேனியல் வீலர் என்பவர் 1817-ல் பேடன்ட் வாங்கினார். கறுப்பு பீரின் சரித்திரமே அதற்கப்புறம் மாறிவிட்டது. பதம் வந்த நிமிஷம் தண்ணீர் தெளித்து அமர்த்திவிடுவார்கள். கொஞ்சம் முந்தினால் ருசி வராது, கொஞ்சம் பிந்தினால் கரி. மாமாவிடம் சொன்னேன்.

"அப்ப நம்ம வேலைதான்" என்றார் மாமா.

பிறகு உள்ளே போய் இரண்டு கட்டி வெல்லம் கொண்டு வந்தார். ஒன்று தங்கம் மாதிரி பளபள. இன்னொன்று காப்பித்தூள் கலர். தங்கத்தை வாயில் போட்டேன். இனிப்பு, முடிந்தது. கறுப்பைப் போட்டேன். முதலில் இனிப்பு, அப்புறம் லேசாக ஒரு உப்பு, கடைசியில் புகையும் கசப்பும். கொழும்பில் தொண்டையில் ஏறினது அப்படியே இங்கே!

"எது மாமா விலை அதிகம்?"

"வெள்ளைதான். ஏவாரி கறுப்பைப் பாத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கறான். மூட்டைக்கு மூட்டை விலையைக் குறைச்சுத்தான் எடுப்பான். அதுக்காவ மருந்து போட்டு வெளுக்கச் சொல்றீங்களா?"

அவர் சொன்ன மருந்து ஹைட்ரோஸ். வெல்லத்தை வெளுக்க வைக்கிற ரசாயனம். அளவு மீறிப் போட்டு அதிகாரிகளிடம் மாட்டுகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. மாமா போடுவதில்லை. அதனால் அவர் வெல்லம் கறுப்பு. அதனால் அவருக்கு விலை குறைவு. வேடிக்கையைப் பாருங்கள்... கடல் தாண்டினால் இந்தக் கறுப்பு ருசியைக் கிளாஸில் ஊற்றிக் கொண்டாடுகிறார்கள். காவிரிக்கரையில் அதே ருசிக்குத் தள்ளுபடி! இத்தனைக்கும் சரக்குக்கு மதிப்பில்லாத சீமை இல்லை இது. இதே ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில்தான் பழநி தேவஸ்தானம் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச்சர்க்கரை வாங்குகிறது. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது.

"அப்ப கொடுமுடி ஸ்டவுட்டுன்னு ஒண்ணு காய்ச்சிரலாமே?" என்று கேட்கிற ஆசாமி நீங்கள் என்றால், கொஞ்சம் உட்காருங்கள். ஸ்டவுட் கிடக்கட்டும், வாய்க்கால் ஓரத்துத் தென்னையில் கள் இறக்கவே 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. நாங்கள் தெளுவு என்று சொல்கிற பதநீர் பானையில் சுண்ணாம்பு தடவினால் இனிப்பு, தடவாமல் விட்டால் கள், அப்புறம் கேஸ்! 2017-ல் தென்னை நீராவுக்கு அனுமதி வந்தது. அதற்கும் லைசென்ஸ் வேண்டும். இலங்கையிலோ லைசென்ஸ் வாங்கிக்கொண்டு தென்னங்கள் இறக்கி, அதைக் காய்ச்சி வடித்த சாராயத்தைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

"தென்னை ஒண்ணுதான் மாப்ளே, நடுவுல கடல்தான்" என்றார் மாமா.

அவருக்குக் கள் வேண்டாம், ஸ்டவுட்டும் வேண்டாம். கறுப்பு வெல்லத்தை வாயில் போட்டு, கண்ணை மூடி, "இது பதம்யா!" என்று சொல்லிக் கூடுதலாகப் பத்து ரூபாய் தருகிற ஆள் வேண்டும். அவ்வளவுதான். இந்த வருஷமும் அப்படி யாரும் வராவிட்டால் அடுத்த வருஷம் தோட்டத்துக் கரும்பை மில்லுக்கு வெட்டி அனுப்பிவிட்டு, கொப்பரையைக் கவிழ்த்துவிடலாம் என்று அத்தையிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே ஆபீஸ் நண்பர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுமுடிக்கு ரயில் ஏறுங்கள். காவிரியில் ஒரு முழுக்கு, மகுடேஸ்வரருக்கு ஒரு கும்பிடு. அப்புறம் புகை வருகிற திக்கில் நடந்தால் ஏதாவது ஒரு ஆலைக்கொட்டாய் தட்டுப்படும். "வாங்கோ" என்று கூப்பிட்டு, கேட்காமலே சூடான பாகு தருவார்கள். பளபளப்பைப் பார்த்து மயங்காமல், கறுப்பாக இருப்பதில் ஒரு கிலோ கேட்டு வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள், ப்ளீஸ்!

வீட்டுக்கு வந்ததும் வரக்காப்பி போட்டு, அதில் ஒரு துண்டு கறுப்பு வெல்லத்தைத் தட்டிப் போட்டு, கொதி அடங்கினதும் குடியுங்கள். காப்பி, புகை, பாகு, கசப்பு... எல்லாம் வரிசையாக வரும். 0 பர்சன்ட். பைக்கை நீங்களே ஓட்டலாம். ஒரே நிபந்தனை, கொழும்பு நண்பர் சொன்னதுதான்.

ஆறுதலாகக் குடிக்க வேண்டும்!