கண்ணீர்ப் பள்ளம்

இது நீண்ட பதிவு. எட்டு மாதங்களாக எழுதாமல் தள்ளிப்போட்டது. சென்ற வாரம் எங்கள் விடுதியில் ஓர் இளைய ஆய்வாளர் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "அக்கா, கண்ணுக்குக் கீழே ஃபில்லர் போட்டுக்கலாம்னு இருக்கேன். அடுத்த மாசம் நேர்முகத் தேர்வு. உங்களுக்கு நல்ல இடம் ஏதாவது தெரியுமா?" அவர் கதவைச் சாத்தியதுதான் என்னை எழுத வைக்கிறது. நானும் அப்படித்தான் சாத்தி வைத்திருந்தேன்.

நான் தில்லியில் முனைவர் பட்ட ஆய்வாளர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மொழியியலில் முதுகலை முடித்துவிட்டு, இந்நகரத்துத் தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் இந்தி எவ்வாறு கலக்கிறது என்பதை ஆராய்ந்து வருகிறேன். எனக்குக் கண்ணின் கீழே ஆழமான பள்ளம் உண்டு. அம்மாவுக்கும் உண்டு, ஆச்சிக்கும் இருந்தது. உறக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கன்ன எலும்பின் அமைப்பும் கொழுப்புத் திரள்களுக்கு இடைப்பட்ட இடைவெளியும்தான் காரணம். ஆயினும் கருத்தரங்குகளில், இணையவழிக் கூட்டங்களில், ஆய்வு முன்னேற்றக் குழுவின் முன்னிலையில் நான் கேட்ட முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "உடம்பு சரியில்லையா?" ஐந்து ஆண்டுகள் இதைக் கேட்ட பிறகு, சென்ற அக்டோபரில் தெற்குத் தில்லியில் ஓர் அழகியல் கிளினிக்கின் படியேறினேன்.

அங்கேதான் அந்தப் பள்ளத்துக்கு ஒரு பெயர் இருப்பதை அறிந்தேன். ஆங்கிலத்தில் மருத்துவர்கள் வழங்கும் பெயரைத் தமிழாக்கினால் 'கண்ணீர்ப் பள்ளம்' என்று வரும். கண்ணீர் வழியும் வாய்க்கால் என்று பொருள். அழகான பெயர் என்று நினைத்தேன். என் மாத உதவித்தொகையான 42,000 ரூபாயில் பாதிக்கு மேல் அதற்குச் செலவாயிற்று. நாற்பது நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. நான்கு பக்க ஒப்புதல் படிவம் ஒன்றைத் தந்தார்கள். களப்பணியில் ஒருவர் ஒரு விகுதியை விழுங்கினால்கூடக் குறித்துக்கொள்ளும் நான், அந்த நான்கு பக்கங்களையும் படிக்காமல் கையெழுத்திட்டேன்.

கிளினிக்கில் எனக்குச் சொல்லப்பட்ட வாக்கியங்கள் இரண்டு. "இது உங்கள் உடம்பிலேயே இருக்கும் பொருள்தான்." "தற்காலிகமானது, தானே கரைந்துவிடும்." இரண்டும் பொய்யல்ல. மொழியியல் மாணவர்கள் கிரைஸ் என்பவரிடமிருந்து கற்கும் பாடம் இதுதான்: ஒருவர் சொன்னது உண்மையாக இருக்கும்; அதிலிருந்து கேட்பவர் உய்த்துணர்ந்துகொள்வது தவறாக இருக்கும். அந்த ஃபில்லர் ஹயலூரானிக் அமிலத்தால் ஆனது. அவ்வமிலம் நம் தோலிலும் மூட்டுகளிலும் கண்ணிலும் இருப்பது உண்மை. ஆனால் தோலில் உள்ள இயற்கை அமிலம் ஓரிரு நாட்களில் சிதைந்து புதுப்பிக்கப்படுகிறது. ஊசிக்குழலில் இருப்பதோ, அவ்வளவு விரைவில் சிதையாதபடி வேதிப்பொருளால் குறுக்குப் பிணைப்பிட்டுக் கட்டிய கூழ். நீரை ஈர்த்து வைத்துக்கொள்வது அதன் இயல்பு. சிலருக்கு அது பல ஆண்டுகள் கழித்தும் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிகிறது. "உடம்பிலேயே இருக்கும் பொருள்" என்ற சொற்றொடரைக் கேட்டதும், "ஆகவே உடம்புக்குத் தீங்கு செய்யாது" என்று முடித்துக்கொண்டவள் நான்தான்.

பிற்பாடு அப்பொருளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1934இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணில் உள்ள கண்ணாடி போன்ற நீர்மத்திலிருந்து இதனை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். கிரேக்க மொழியில் கண்ணாடியைக் குறிக்கும் சொல்லே பெயரின் முற்பாதியாயிற்று. நம் 'கண்ணாடி'யும் கண்ணிலிருந்தே தொடங்குகிறது. கண்ணிலிருந்து எடுத்துப் பெயரிட்ட ஒன்றைக் கண்ணுக்குக் கீழே புதைத்துக்கொண்டு, அடுத்த நான்கு மாதங்கள் கண்ணாடியைப் பார்க்க அஞ்சினேன்.

முதல் இரண்டு வாரங்கள் நன்றாகவே இருந்தன. "நல்லா தூங்குறியா இப்போ?" என்று நண்பர்கள் கேட்டார்கள். மூன்றாம் வாரம் காலையில் எழும்போது இமைக்குக் கீழே வீக்கம். நண்பகலுக்குள் சற்று வடியும். மறுநாள் மீண்டும் வரும். பின்னர் நீல நிறம். அடிபட்ட கன்றல் போலவும் இல்லை, கருவளையம் போலவும் இல்லை. தோலுக்கு அடியில் மை ஊறியது போன்ற ஒரு சாயல். கிளினிக்குக்குப் படம் அனுப்பினேன். "இயல்பானதே, மெதுவாக மசாஜ் செய்யுங்கள்" என்று பதில் வந்தது. ஒரு மாதத்துக்குப் பின் மீண்டும் அனுப்பியபோது, மேடு பள்ளத்தைச் சமன் செய்ய இன்னோர் ஊசி போடலாம், கட்டணத்தில் சலுகை உண்டு என்றார்கள்.

நான் அதற்கும் உடன்படவில்லை. வேறு மருத்துவரிடமும் போகவில்லை. பொய் சொன்னேன். தில்லியின் நவம்பர் மாதம் பொய்க்கு ஏற்றது. புகைமூட்டத்தின் மீது எதையும் ஏற்றிச் சொல்லலாம். நெறியாளரிடம் ஒவ்வாமை என்றேன். நண்பர்களிடம் சைனஸ் என்றேன். காணொலி அழைப்பில் அம்மா, "ஏட்டி, கண்ணு ஏன் இப்பிடி வீங்கியிருக்கு? ராத்திரி அழுதியா?" என்று கேட்டபோது, "இங்க ஒரே புகைம்மா" என்றேன். எனக்கு இருந்த வெட்கம் இரண்டு வகைப்பட்டது. வீட்டார் முன் பணத்தைப் பற்றியது. கல்விப்புலத்தார் முன் இன்னும் கொடியது: உடலின் மீது திணிக்கப்படும் அழகு அளவுகோல்களைப் பற்றி வகுப்பில் கட்டுரை வாசித்தவள், அதே அளவுகோலுக்குக் காசு கொடுத்தாள் என்பது. நாம் ஒருவரையொருவர் எப்படி எள்ளுவோம் என்பது எனக்குத் தெரியும். நானே எள்ளியிருக்கிறேன்.

ஜங்புராவின் மதராஸி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்ட பின்பு, அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதியினர் நகரின் வட கோடியில் உள்ள நரேலாவுக்குப் போனார்கள். அவர்களுள் வீட்டு வேலை செய்யும் அக்கா ஒருவரின் பேச்சைப் பதிவு செய்ய பிப்ரவரியில் சென்றிருந்தேன். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து வைக்கும் முன்பே அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவருகே இருந்த மகனை வெளியே அனுப்பிவிட்டு, தாழ்ந்த குரலில், "யாராச்சும் அடிச்சாங்களாம்மா? எங்கிட்ட சொல்லு, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

இல்லை என்று சொல்லவே எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. உண்மையிலேயே அடி வாங்கிய பெண்களுக்காக அவர் வைத்திருந்த பரிவு அது. அதை ஒரு பொய்யால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. முதன்முறையாக ஒருவரிடம் உண்மையைச் சொன்னேன். "அழகுக்காக ஊசி போட்டுக்கிட்டேன்க்கா. அது கெட்டுப் போச்சு." அவர் சிரிக்கவில்லை. "வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தா கண்ணு போயிரும்மா. போட்டவன் பாக்கலேன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். அந்தப் பதிவு என் ஆய்வேட்டில் இடம்பெறாது.

மறு வாரம் ஓர் அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில், விடியுமுன் வரிசையில் நின்று சீட்டு வாங்கினேன். மருத்துவர் மூன்று கேள்விகள் கேட்டார். என்ன மருந்து? எவ்வளவு? எந்தத் தேதியில்? மூன்றில் ஒன்றுக்குத்தான் விடை தெரிந்தது. ஊசிக்குழலோடு வரும் தொகுதி எண் ஒட்டியை நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். விளக்கொளியில் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: ஃபில்லர் மேலோட்டமாகப் போடப்பட்டிருக்கிறது, கண்ணுக்குக் கீழுள்ள தோல் உடலிலேயே மிக மெல்லியது, கூழின் ஊடே வரும் ஒளியில் நீலம் மிகுதியாகச் சிதறுகிறது, இதற்கு டிண்டால் விளைவு என்று பெயர். பள்ளியில் கூழ்மக் கரைசல் பாடத்தில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த அதே டிண்டால் விளைவு.

விடுதிக்குத் திரும்பி ஒப்புதல் படிவத்தைத் தேடி எடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் அந்தப் பெயர் இருந்தது. நீடித்த வீக்கம், கட்டிகள், டிண்டால் விளைவு, இரத்தக்குழாய் அடைப்பு, பார்வை இழப்பு. அதன் கீழே என் கையெழுத்து. அவர்கள் சொல்லவில்லை என்று என்னால் சொல்ல இயலாது. சொல்லுதல் என்பது இதுதானா என்று மட்டும் கேட்கலாம்.

இதற்கு மாற்று உண்டு. ஹயலூரானிடேஸ் என்னும் நொதி இந்தக் கூழைக் கரைக்கும். கண் அறுவையில் மரப்பு ஊசியோடு சேர்த்து நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவதுதான். தேனீ கொட்டி ஒவ்வாமை ஏற்பட்டதுண்டா என்று கேட்டார்கள். தேனீயின் நஞ்சிலும் இந்நொதி உண்டு. முன்கையில் சோதனை ஊசி போட்டுப் பார்த்த பிறகு கண்ணின் கீழே செலுத்தினார்கள். முதல் நாள் வீக்கம் கூடியது. மூன்றாம் நாள் நீலம் பெரும்பாலும் மறைந்தது. எஞ்சியதற்கு இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. நான்கு மாத ஒளிவுக்கு இரண்டு அமர்வுகளில் தீர்வு.

அந்த மருத்துவர் சொன்னவற்றுள் அனைவரும் அறியவேண்டியவற்றை இங்கே தருகிறேன். எனக்கு நேர்ந்தது சிறிய சிக்கல். அரிதாக, ஃபில்லர் தமனிக்குள் புகுந்து, எதிர்த்திசையில் சென்று கண்ணுக்கான இரத்த ஓட்டத்தை அடைத்துவிடக்கூடும். விழித்திரை இரத்தம் இன்றித் தாங்குவது நிமிடக் கணக்கில்தான். ஊசி போட்ட உடனோ சில மணி நேரத்திலோ கடும் வலி, தோல் வெளிறுதல், வலைபோல் செந்நீலத் திட்டு, பார்வை மங்கல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திருக்கலாகாது. அது அவசர சிகிச்சை. மாதங்கள் கழித்துக்கூட, காய்ச்சல் சளிக்குப் பிறகு ஃபில்லர் இருக்கும் இடம் திடீரென வீங்கலாம். மூன்று வாரம் கடந்தும் நிற்கும் வீக்கத்தை "இயல்பு" என்று யார் சொன்னாலும், இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி போடும் இடத்தில் ஹயலூரானிடேஸ் கையிருப்பில் உள்ளதா என்று முன்னரே கேளுங்கள். தில்லியில் முடி நடவு செய்துகொண்ட ஒருவர் இறந்த வழக்கு நீதிமன்றத்துக்கு வந்த 2022ஆம் ஆண்டில், தேசிய மருத்துவ ஆணையம் அழகியல் சிகிச்சைகளை முறையான பயிற்சி பெற்ற, பதிவு செய்த மருத்துவர்களே செய்யவேண்டும் என்றும், யூடியூப் பார்ப்பது பயிற்சியாகாது என்றும் அறிவுறுத்தியது. ஊசி போடுபவரின் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

அந்த இளைய ஆய்வாளரிடம் போகாதே என்று நான் சொல்லவில்லை. இதையெல்லாம் சொல்லி, என் படிவத்தின் மூன்றாம் பக்கத்தை அவர் கையில் கொடுத்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அழுதியான்னு கேட்டேனே, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

பள்ளம் பழையபடி இருக்கிறது. இதைப் படிப்பவர்களில் யாரேனும் வீக்கத்தையோ நீலத்தையோ மறைத்துக்கொண்டிருந்தால், உள்பெட்டிக்கு வாருங்கள். ஏன் செய்துகொண்டீர்கள் என்று கேட்க மாட்டேன். என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி என்று மட்டும் கேட்பேன். பிறகு எந்த வரிசையில் நிற்கவேண்டும் என்று சொல்வேன். வேண்டுமானால் கூட வந்து நிற்கிறேன்.