உம்மம்மாவின் கடன் கொப்பி

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை வகுப்பில் மெசப்பொத்தேமியா பாடம். ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், எழுத்து முதல் வந்ததா, கதை முதல் வந்ததா?"

உடனே பதில் சொல்லாமல், "எங்கட அம்மன் கோயில் கதை யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். முழு வகுப்பும் கை உயர்த்தியது. மதுரையை எரித்துவிட்டுக் கண்ணகி கிழவியாக நந்திக்கடல் கரைக்கு வந்தது, மாடு மேய்த்த பொடியன்கள் பொங்கிக் கொடுத்தது, எண்ணெய் இல்லாமல் கடல்நீரில் விளக்கெரித்தது, கிழவியின் தலையைப் பார்த்தபோது ஆயிரம் கண்கள் தெரிந்தது... ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துச் சொன்னார்கள்.

"எந்தப் புத்தகத்தில் வாசித்தீங்கள்?"

"அம்மம்மா சொன்னவ சேர்."

அதுதான் பதில். சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரையிலிருந்து சேர நாட்டுக்குத்தான் போகிறாள். நந்திக்கடலுக்கு வந்த கதை அதில் இல்லை. அது வாய்வழியாகவே வற்றாப்பளைக்கு வந்து, இன்றும் வைகாசிப் பொங்கலில் உயிரோடு இருக்கிறது.

அப்படியானால் எழுத்து எதற்கு வந்தது? கணக்குக்கு. கி.மு. 3300 அளவில், இன்றைய ஈராக்கின் தெற்கே உள்ள உருக் நகரில், ஈரக் களிமண்ணில் கீறி எழுதினார்கள். பெரும்பாலும் பார்லி எவ்வளவு, ஆடு எத்தனை, யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்ற விபரங்கள். பாட்டும் கதையும் எழுத்தில் ஏறப் பல நூற்றாண்டுகள் எடுத்தன. உலகில் பெயர் தெரிந்த முதல் எழுத்தாளர் என்று சொல்லப்படுகிற என்ஹெடுவன்னா, கி.மு. 23ஆம் நூற்றாண்டில் ஊர் என்ற நகரத்தில் வாழ்ந்த பெண். நகரத்தின் பெயரே "ஊர்" என்றதும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

எங்கள் வன்னியிலும் பழைய எழுத்து உண்டு. வவுனியா மாவட்டத்தின் பெரியபுளியங்குளத்தில், கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்துப் பிராமிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. எழுத்து பிராமி, மொழி பிராகிருதம், குகை பௌத்தத் துறவிகளுக்குரியது. அதில் இருக்கும் பெயரோ விசாகன் என்ற தமிழ் வணிகருடையது. இன்னாருடையது என்று ஒரு வரி, அவ்வளவுதான். இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாகியும் அந்த மனிதரின் பெயர் அழியவில்லை.

இதைச் சொல்லும்போதுதான் என் உம்மம்மாவின் ஞாபகம் வந்தது. அவவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அரபுத் தமிழ் எழுதுவா. பேச்சு தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்து எழுதுவார்கள். பிராமியில் தமிழ் எழுதியவர்களும் ழ, ள, ற, ன ஒலிகளுக்குப் புதிதாக எழுத்து உண்டாக்கித்தான் எழுதினார்கள்.

1990 ஒக்டோபரில் ஊரை விட்டுப் புத்தளம் போக வேண்டி வந்தபோது, உம்மம்மா உடுப்புக்குள் மறைத்துக் கொண்டுபோனது ஒரு சின்னக் கொப்பி. கடன் கொப்பி! அகதி முகாமில் எல்லோரும் அவவைப் பகிடி பண்ணினார்கள்.

அவ மௌத்தாகிப் பல வருடம் கழித்து, அரபுத் தமிழ் தெரிந்த ஒரு மௌலவியோடு இருந்து அதை எழுத்துக்கூட்டி வாசித்தோம். முக்கால்வாசியும் தமிழ்ச் சனத்தின் பெயர்கள். வற்றாப்பளை ஆட்கள் மட்டும் ஐந்து பேர். ஒரு பெயருக்குப் பக்கத்தில் "இரண்டு கொத்து அரிசி, பொங்கலுக்கு" என்று இருந்தது. அரபு எழுத்தில், முஸ்லிம் கிழவி ஒருத்தி, அம்மன் பொங்கலுக்குக் கொடுத்த அரிசியின் கணக்கு.

பயப்படாதீங்கள், கடன் கேட்க வரவில்லை! ஆனால் நாங்கள் எப்படி வாழ்ந்தோம் என்பதற்கு என் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்த வரிதான்.

கி.மு. 612இல் நினிவே நகரம் எரிந்தபோது அங்கிருந்த களிமண் பலகைகள் பல சூட்டில் இறுகித் தப்பின. எங்களிடம் இருந்தது ஓலையும் கடதாசியும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. 2009இல் இந்தக் கரையில் சனம் பிறப்புச் சான்றிதழைக்கூட இழந்தது. மிஞ்சியது கொஞ்சம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய ஏடோ கொப்பியோ கடிதமோ இருந்தால், கணக்குத்தானே என்று எறியாதீங்கள். போனில் படம் எடுத்து வையுங்கள். அம்மம்மா, உம்மம்மா சொல்லும் கதையைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுத வையுங்கள். சொன்னவரின் பெயரையும் திகதியையும் அடியில் போடச் சொல்லுங்கள். என் வகுப்பில் இந்தக் கிழமை வீட்டுவேலை அதுதான். இதுவரை பதினொரு கதை வந்திருக்கிறது.